நாற்பத்து மூன்று கிலோமீட்டரும் ஒரு மதிலும்

வல்லம் வடகால்
22.9.2024, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

பிரவீனா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அந்தக் குன்றின் மேல் மாதா தயவில் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ புது மடத்துக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. போன் கிடையாது, வெளியே வரக்கூடாது, மாதத்தில் முதல் சனிக்கிழமை ஒரே ஒரு தாளில்தான் எழுதலாம் என்கிறாய். பள்ளிக்கூட மடத்தில் டீச்சராக இருந்தபோது வாரம் ஒரு தடவையாவது போனில் என்னைத் திட்டுவாய். இப்போது அதற்கும் வழியில்லை. அம்மா அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் பெரிய பெண் கண்காணாத தூரத்துக்குப் போய்விட்டாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் மேப்பில் போட்டுப் பார்த்தேன். நம் வீட்டிலிருந்து உன் குன்று நாற்பத்து மூன்று கிலோமீட்டர். நடுவில் ஒரு மதில். அவ்வளவுதான்.

இன்றைக்கு ஓர் அதிசயம் நடந்தது. நான் சைக்கிள் ஓட்டினேன்! ப்ளஸ் ஒன் படிக்கும்போது கவர்மெண்டில் இலவசமாகக் கொடுத்தார்களே, அதே சைக்கிள். பதினேழு வருஷமாக வீட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது. அம்மா அதன்மேல் விறகு அடுக்கி வைத்திருந்தாள். இப்போது புது டயர், புது பெல், சீட்டுக்குக் கவர் எல்லாம் போட்டாகிவிட்டது.

விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி செம்பரம்பாக்கம் ஏரி வரைக்கும் போனது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கன்டெய்னர் லாரிகள் குறைவு. வழியில் இரண்டு தடவை செயின் கழன்றது, உடனே மாட்டியாகிவிட்டது. ஒரு பஞ்சர், அதையும் ஒட்டியாகிவிட்டது. ஏரிக்கரைக்குப் போனபோது சூரியன் தண்ணீருக்கு மேலே ஒரு முழம் ஏறியிருந்தது. கூழைக்கடா கூட்டம் ஒன்று தண்ணீரில் உட்கார்ந்திருந்தது. கரை ஓரம் ஒரு அம்மா சுடச்சுட ஜிலேபி மீன் வறுத்துக் கொடுத்தார். ஆறு துண்டு காலி. திரும்பும்போது எதிர்க்காற்று, தொடை இரண்டும் கெஞ்சின. இன்று உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே சாப்பிட்டேன். ஆனால் அக்கா, இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் ஒயரைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போகிறவளுக்கு ஏரி நல்ல மருந்து. கடிதம் போடு.

உன் அன்புத் தங்கை
பிரவீனா

*

இயேசு மரி சூசை துணை

5.10.2024

அன்பு பிரவீனாவுக்கு,

ஆண்டவர் அருளால் இங்கே எல்லோரும் நலம். முழங்கால் அதன் வேலையைச் செய்கிறது, நான் என் வேலையைச் செய்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று எழுதவில்லையே. மறக்காமல் எழுது.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். உன் சைக்கிள் தானாகப் புது டயர் போட்டுக்கொள்கிறது. செயின் கழன்றால் தானாக மாட்டிக்கொள்கிறது. பஞ்சர் தானாக ஒட்டிக்கொள்கிறது. ஆறு துண்டு மீன் தானாகக் காலியாகிறது. காற்றடிக்கும் பம்பை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத பெண் நீ. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறேன்.

யார் அது?

மடத்தில் இருந்தாலும் எனக்குக் காதும் மூக்கும் அப்படியேதான் இருக்கின்றன. எனக்குக் காய்கறித் தோட்டத்தில் வேலை கொடுத்திருக்கிறார்கள். கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது உன் கூழைக்கடாக்களை நினைத்துக்கொண்டேன். அவை பறந்தனவா, உட்கார்ந்தே இருந்தனவா? அதையும் எழுது.

ஜெபத்தில் உன்னை நினைக்கும்
அக்கா

*

வல்லம் வடகால்
20.10.2024, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவுக்குச் சாப்பிடும் முன் நூற்று நாற்பது. காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்.

சரி, சொல்லிவிடுகிறேன். அவர் பெயர் டில்லிபாபு. பென்னலூர்க்காரர். வயது முப்பத்தேழு. எங்கள் கம்பெனி பஸ் டிரைவர். மூன்று வருஷமாக நான் ஏறுவது அவர் பஸ்தான். இந்துக் குடும்பம். அண்ணன் வீட்டில் இருக்கிறார். அப்பா அம்மா இல்லை. கல்யாணம் ஆகவில்லை. தங்கைகளுக்கு முடித்து வைப்பதற்குள் வயது ஓடிவிட்டது என்கிறார். ஆறு நாள் உட்கார்ந்தே ஸ்டியரிங்கைச் சுற்றுகிறேன், ஏழாவது நாளாவது காலை ஆட்ட வேண்டாமா என்று வாரம் ஒருநாள் சைக்கிளில் கிளம்பிவிடுவாராம்.

ஆகஸ்டில் அம்மாவுக்கு மயக்கம் வந்ததே, அன்றைக்கு ஷிப்ட் முடிந்து பஸ்ஸை நம் தெருமுனை வரைக்கும் கொண்டுவந்து விட்டார். அப்போதுதான் விறகுக்கு அடியில் சைக்கிளைப் பார்த்திருக்கிறார். மறுநாள் என்னிடம், "இன்னா மேடம், சைக்கிள இப்டி போட்டு வச்சிக்கிறீங்க, பாக்கவே பாவமா கீது" என்றார். எனக்கு ஒரே வெட்கம். அடுத்த வாரமே வந்து தூக்கிக்கொண்டு போனவர், பத்து நாளில் புதுப்பெண் மாதிரி கொண்டுவந்து நிறுத்தினார். அம்மா காப்பி போட்டுக் கொடுத்தாள்.

அன்றைக்கு அவரோடுதான் போனேன். உனக்குத் தெரிந்தால் என்ன சொல்வாயோ என்று பயந்துதான் மறைத்தேன். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது, அக்கா. இந்த வயதில் இப்படி எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? நீ வேண்டாம் என்றால் அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். அவளுக்கு நீ சொல்வதுதான் வேதவாக்கு. எனக்கும்தான்.

கூழைக்கடாக்கள் உட்கார்ந்தேதான் இருந்தன. ஒன்று மட்டும் எழுந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. டில்லிபாபு அதைப் பார்த்து, "ஓட்டி பாக்குது போல" என்றார்.

உன் தங்கை
பிரவீனா

*

இயேசு மரி சூசை துணை

2.11.2024

அன்பு பிரவீனாவுக்கு,

சுகம். அம்மாவை இனிப்பு பக்கம் அண்டவிடாதே. தீபாவளிக்கு யார் யார் வீட்டிலிருந்து பலகாரம் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

டில்லிபாபுவைப் பற்றி எழுதியதை வாசித்தேன். பிரவீனா, அதைப் பற்றி நான் இப்போது ஒன்றும் சொல்லப்போவதில்லை. இன்னும் இரண்டு தடவை அவரோடு சைக்கிள் ஓட்டு. மேட்டில் ஏறும்போதும் பசிக்கும்போதும் ஆள் எப்படி என்று பார். சமதரையில் எல்லோரும் நல்லவர்கள்தான்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் வழியாக ஒரு துண்டு ரோடு தெரியும். யாராவது சைக்கிளில் போனால் கொஞ்ச நேரம் நின்று பார்க்கிறேன். அடுத்த தடவை போகும்போது எல்லாவற்றையும் எழுது. எந்த இடத்தில் என்ன வாசனை, எங்கே இறங்கித் தள்ளினாய், என்ன சாப்பிட்டாய், எல்லாம். சுருக்கி எழுதாதே. உனக்குத் தாள் கணக்கு இல்லையே.

அக்கா

*

வல்லம் வடகால்
19.1.2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் வாழ்த்து. மூன்று மாதமாக எழுதாததற்குக் கோபிக்காதே. மழை, அப்புறம் வருஷக்கடைசி ஆர்டர், ஞாயிறுகூட ஓ.டி. கிறிஸ்துமஸ் பூசையில் தூங்கி விழுந்தேன் என்று அம்மா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். உன் கால் எப்படி? அம்மா நலம்.

காணும் பொங்கலுக்கு லீவு விட்டார்கள். ஊரே மெரினாவுக்கு ஓடியது. நாங்கள் இரண்டு பேரும் படப்பைப் பக்கம் காட்டுக்குள் இருக்கும் ஒரு குன்றுக்குப் போனோம். ஆடு மேய்க்கிறவர்கள் அதை வழுக்குப்பாறை என்கிறார்கள். நீ கேட்டபடி எல்லாம் எழுதுகிறேன்.

வாசனை. வீட்டிலிருந்து சிப்காட் ரோடு வரைக்கும் பக்கத்து வீட்டுப் பொங்கல் பானை வாசனை. பெயின்ட் கம்பெனி தாண்டும்போது மூக்கு எரிந்தது. ஒரகடம் மேம்பாலத்துக்கு அடியில் பரோட்டாக் கடை எண்ணெய். அதற்கப்புறம் ஏரிச் சேறு. காட்டுக்குள் நுழைந்ததும் ஒரு பச்சை வாசனை வந்தது, அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை.

இறங்கித் தள்ளியது இரண்டு இடம். மேம்பாலம் ஏறும்போது நான் இறங்கினேன். அவர் மேலே போய்விட்டு மறுபடி கீழே வந்து என்னோடு தள்ளிக்கொண்டு நடந்தார். நீ சொன்ன மேடு இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சைக்கிளைக் கீழே புளியமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு நடந்து ஏறினோம். பாதையே இல்லை, ஆட்டுத் தடம்தான். சூராமுள் சுடிதாரைக் கிழித்துவிட்டது. பாதியில் எனக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒரு பேச்சுக்கூட அவசரப்படுத்தவில்லை. கல்லில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். உச்சியில் பாறை வழவழவென்று இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கையும் காலுமாகத் தவழ்ந்து ஏறினேன். நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

மேலிருந்து எல்லாம் தெரிகிறது, அக்கா. கம்பெனிக் கூரைகள் நீலமும் வெள்ளையுமாக, நடுவில் நடுவில் ஏரிகள், புதுக் கார்கள் தீப்பெட்டி மாதிரி வரிசையாக. நம் கோவில் கோபுரத்தைத் தேடினேன். இரண்டு பெரிய ஷெட்டுகளுக்கு நடுவில் ஒரு விரல் அளவு தெரிந்தது. அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம். பசி அவருக்கு அதிகம். ஆனால் டப்பாவை முதலில் என் பக்கம்தான் தள்ளினார்.

கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு இறங்கி வந்தோம். வரும்போது அவ்வளவாகப் பேசவில்லை. மற்றபடி ரொம்ப நல்ல நாள்.

உன் தங்கை
பிரவீனா

*

இயேசு மரி சூசை துணை

1.2.2025

அன்பு பிரவீனாவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நானும் குன்று ஏறி இறங்கிவிட்டேன். சூராமுள் என் அங்கியையும் கிழித்தது. காட்டுக்குள் வந்த வாசனை அனேகமாக நாய்த்துளசி. எங்கள் மதில் ஓரத்திலும் உண்டு. கசக்கி முகர்ந்து பார்த்தேன்.

ஆனால் தூக்கத்தில்கூடப் பேசுகிறவள் நீ. வரும்போது அவ்வளவாகப் பேசவில்லை என்று எழுதுகிறாய். வேர்க்கடலை உரித்ததைக்கூட எழுதினாய், உச்சியில் பேசியதை ஒரே வரியில் முடித்துவிட்டாய். அங்கே என்ன நடந்தது? எழுத நாள் எடுத்துக்கொள். ஆனால் எழுது.

அக்கா

*

வல்லம் வடகால்
2.3.2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

குன்றின் உச்சியில் அவர் கேட்டார். சுற்றி வளைக்கவில்லை. "பிரவீனா, மீதி இருக்கிற நாள் பூரா இப்டியே ஒண்ணா போலாமா? நீங்க யோசிச்சு சொல்லுங்க, அவசரம் இல்ல" என்றார். அதுவரைக்கும் மேடம் மேடம் என்றவர் அப்போதுதான் பெயர் சொன்னார். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லை, அக்கா. அன்றைக்கே சரி என்று சொல்லியிருப்பேன். பயம்தான்.

போன வாரம் அம்மாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். அந்த அரிசியில் கல்லே கிடையாது. கடைசியில், "பெரியவ இன்னா சொல்றாளோ அதான். அவ சரின்னா நானும் சரி. அவ வேணாம்னா என்னாண்ட இந்தப் பேச்சே எடுக்காத" என்றாள்.

அதனால் எல்லாம் உன் கையில் இருக்கிறது. அவர் வேறு மதம். நீயோ ஆண்டவருக்கே உன்னைக் கொடுத்தவள். ஊரில் நம்மை சிஸ்டர் வீடு என்றுதான் சொல்கிறார்கள். என்னால் உனக்கு மடத்தில் தலைகுனிவு வருமா? அப்படியென்றால் சொல்லிவிடு. எனக்கு முப்பத்து மூன்று வயது. இவரை விட்டால் வேறு யாரையும் பார்க்க மனசு வராது. ஆனாலும் உன் சம்மதம் இல்லாமல் செய்யமாட்டேன்.

அடுத்த முதல் சனிக்கிழமைக்குக் காத்திருக்கிறேன். சரி என்றால் ஒரு வார்த்தை போதும்.

பிரவீனா

*

வல்லம் வடகால்
13.4.2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நாங்கள் இருக்கிறோம்.

மார்ச் முதல் சனிக்கிழமை நான் எழுதுவதற்கு முந்தின நாளே போய்விட்டது. சரி, ஏப்ரல் வரைக்கும் காத்திருக்கலாம் என்று நினைத்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் மனசு கேட்காமல் மடத்து வாசல் நம்பருக்குப் போன் செய்தேன். வயதான சிஸ்டர் ஒருவர் எடுத்தார். நீ நன்றாக இருக்கிறாய் என்றார். என் கடிதம் வந்ததா என்று கேட்டேன். "வந்துச்சும்மா, உள்ள குடுத்தாச்சு" என்றார். அதற்கு மேல் கேட்காமல் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் முதல் சனிக்கிழமையும் போய் ஒரு வாரம் ஆகிவிட்டது. கடிதம் கையில் இருந்தும் நீ எழுதவில்லை. என் மனசு புண்படக்கூடாது என்றுதான் வேண்டாம் என்ற வார்த்தையை எழுதாமல் இருக்கிறாய். புரிகிறது. அம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கும் புரிந்துவிட்டது.

அவரை ஆசைகாட்டிக் காக்க வைப்பது பாவம். அதனால் இன்று காலை அவர் பஸ் நிறுத்துகிற இடத்துக்குப் போய், இது நடக்காது, என்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இனிமேல் ஷேர் ஆட்டோவில் போவதாகவும் சொன்னேன். அவர் கையிலிருந்த துணியால் பஸ் கண்ணாடியைத் துடைத்தார். அப்புறம், "சரி. என்னைப் பாக்க வேணாம். ஆனா பஸ்லயே வாங்க. அந்த ரோட்ல லாரி ஜாஸ்தி" என்றார். அவ்வளவுதான் சொன்னார், அக்கா. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சைக்கிளைப் பழைய இடத்திலேயே நிறுத்திவிட்டேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இருக்கிறது. ஒரு வரி எழுதியிருக்கலாம்.

பிரவீனா

*

(அஞ்சலட்டை)

21.4.2025

பிரவீனா, முதலில் சைக்கிளை வெளியே எடு. நேராக அந்த மனிதரிடம் போ. ஆயிரம் தடவை சரி. விவரம் பின்னால் வருகிறது.

அக்கா

*

உயிர்த்த ஆண்டவர் துணை

22.4.2025

என் அன்புப் பைத்தியத்துக்கு,

பாஸ்கா வாழ்த்து. நான் சுகம். இந்த ஒரு வாரத்துக்குத் தாள் கணக்கு கிடையாது என்று மதர் இன்றைக்கு மனசு இரங்கிச் சொல்லிவிட்டார், அதனால் முழுக்கத் திட்டலாம்.

சாம்பல் புதன் அன்று காலையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வெளியே வந்தோம். மதர் மேசைமேல் ஒரு பிஸ்கெட் டப்பாவைத் திறந்து வைத்து, எல்லோரும் பேனாவைப் போடுங்கள் என்றார். தவக்காலம் முடியும் வரை இந்த மடத்தில் யாரும் கடிதம் எழுதவும் கூடாது, வாங்கவும் கூடாதாம். எனக்கு இங்கே இதுதான் முதல் தவக்காலம், எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். உன்னிடம் சொல்லி வைக்க வழியில்லை. உன் கடிதம் அன்று மத்தியானத் தபாலில் வந்திருக்கிறது. வாசல் சிஸ்டர் உள்ளே கொடுத்தது மதரிடம். அது மதர் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. உறையைக்கூட நான் பார்க்கவில்லை.

உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்து காப்பி குடிக்கும்போது உன் இரண்டு கடிதங்களையும் கையில் கொடுத்தார்கள். முதல் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து குதித்தேன், முழங்காலோடுதான். இரண்டாவதைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மதரிடம் ஓடிப்போய் அழுது, முறையில்லாத நாளில் ஒரு அஞ்சலட்டைக்கு அனுமதி வாங்கினேன். அன்று ஞாயிறு, தபால்காரர் வரமாட்டார் என்று இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை.

அக்கா பேசவில்லை என்றதும் அக்கா வேண்டாம் என்கிறாள் என்றுதானே முடிவு கட்டினாய்? அது எனக்கு வலித்தது. ஆனால் குற்றம் என்னுடையதுதான். அக்டோபரில் நீ முதலில் சொன்னபோதே எனக்குச் சம்மதம் என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். ஒன்றும் சொல்லப்போவதில்லை என்று பெரிய மனுஷி மாதிரி எழுதினேன். அதற்குக் காரணம் இருக்கிறது. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

நீ என்னிடம் சம்மதம் கேட்கக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. நான் மடத்துக்குப் போகிறேன் என்று முடிவு செய்தபோது எனக்கு இருபத்திரண்டு, உனக்குப் பதினான்கு. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? பெட்டியைக் கட்டினேன், போனேன். வீடு முழுக்க உன் தலையில் விழுந்தது. நர்சிங் படிக்க வேண்டும் என்று இருந்தவள் கம்பெனி லைனில் போய் நின்றாய். அப்பா படுக்கையில் கிடந்த நான்கு வருஷத்தில் நான் வந்து பார்த்தது ஏழு தடவை. மற்ற நாளெல்லாம் நீதான். என் ஆசைப்படி போனதற்கு எனக்குச் சிஸ்டர் என்று பெயர் வந்தது. இருந்து எல்லாம் செய்த உனக்கு எந்தப் பெயரும் இல்லை. அப்படிப்பட்ட நீ, ஒரு மனிதரைப் பிடித்திருக்கிறது, போகட்டுமா என்று என்னிடம் வந்து கேட்கிறாய். நான் யாரடி உனக்கு அனுமதி கொடுக்க?

மதம் பற்றிப் பயப்படாதே. பங்குச் சாமியாரிடம் இரண்டு பேரும் போய்ப் பேசுங்கள். இப்படிப்பட்ட கல்யாணத்துக்கு பிஷப்பிடம் அனுமதி வாங்க முறை இருக்கிறது. மடத்தில் எனக்கு ஒரு தலைகுனிவும் இல்லை. உன் குன்றுப் பயணத்தைச் சாப்பாட்டு மேசையில் வாசித்துக் காட்டினேன். டப்பாவை முதலில் உன் பக்கம் தள்ளினார் என்ற இடம் வந்ததும் எண்பது வயது மதரே தலையாட்டினார்.

அம்மாவுக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். படித்துக் காட்டு. இந்த வாரம் முடிந்ததும் பார்க்க வரலாம். தனியாக வராதே.

அக்கா

*

வல்லம் வடகால்
27.4.2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இரண்டு வாரமாக நலம் இல்லை, இப்போது நலம். நீயும் அப்படியே இரு.

அஞ்சலட்டை புதன்கிழமை வந்தது. ஷிப்ட் முடிந்து வந்தால் கதவுச் சந்தில் செருகியிருக்கிறது. வாசலிலேயே நின்று படித்தேன். அம்மா பயந்துபோய் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். அட்டையை அவள் கையில் கொடுத்துவிட்டு விறகை இழுத்துப் போட்டேன். ஆமாம், அதற்குள் அம்மா மறுபடி விறகு அடுக்கிவிட்டாள்! டயரில் காற்றே இல்லை. பம்பை நானே பிடித்து அடித்தேன்.

பஸ் யார்டுக்குப் போனபோது அவர் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சைக்கிளில் வருவதைப் பார்த்ததும் தண்ணீர்க் குழாயை மூட மறந்து நின்றார். பேண்ட் எல்லாம் நனைந்தது. தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு தவக்காலம், பிஸ்கெட் டப்பா எதுவும் தெரியாமலே அட்டையை நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். கண் கலங்கிவிட்டது. அப்புறம், "உங்க அக்கா நம்ம கம்பெனில சூப்பர்வைசரா இருந்திருக்கணும்" என்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

உன் நீளமான கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. என்னைப் பற்றி எழுதியிருந்ததையும் படித்தேன். அந்த நாளில் உன்மேல் கோபம் இருந்தது உண்மை. உன் பாயில் படுத்துக்கொண்டு அழுதிருக்கிறேன். நீ கேட்டிருந்தால் போ என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்டிருக்கலாம். இப்போது கேட்டுவிட்டாய், போதும்.

அம்மாவுக்கு எழுதிய தாளைப் படித்துக் காட்டினேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு, என்னையும் விட்டுட்டுப் போயிடுவியோன்னுதான் பயந்தேன் என்றாள். உன் பேரைச் சொல்லித் தள்ளிப்போட்டிருக்கிறாள், பாவம். அவர் காதில் இதைப் போட்டேன். அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறவன்தானே, உங்கள் வீட்டிலேயே ஒரு ஓரம் கொடுத்தால் போதும் என்றார். அம்மா அதற்குள் அவருக்கு மீன் குழம்பு பிடிக்குமா, காரம் எவ்வளவு என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மே ஒன்று லீவு. விடிவதற்கு முன்னால் கிளம்பி நாங்கள் இரண்டு பேரும் சைக்கிளிலேயே வருகிறோம். நாற்பத்து மூன்று கிலோமீட்டர். அடிவாரத்தில் விட்டுவிட்டு நடந்து ஏறுகிறோம். வாசல் சிஸ்டரிடம் சொல்லி வை.

பிரவீனா

*

இயேசு மரி சூசை துணை

3.5.2025

அன்பு பிரவீனாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று வாசல் சிஸ்டருக்கு டில்லிபாபு போன் செய்தாராம். சந்தோஷம். தொடை வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

வரவேற்பறைக் கம்பிக்கு அந்தப் பக்கம் நீங்கள் இரண்டு பேரும் வியர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில் நான் பாதி நேரம் அம்மா சர்க்கரையைப் பற்றியே பேசிவிட்டேன். பேச வேண்டியது ஒன்றும் பேசவில்லை. அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், தோட்டத்துப் பம்பு சத்தம் போடுகிறதே, வாஷர் போயிருக்கும், நான் பார்க்கட்டுமா என்று. மதருக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. வெளியே இருக்கிற பம்பு என்பதால் விட்டார்கள். இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது.

நீங்கள் போன பிறகு துணி எடுக்க மாடிக்குப் போனேன். அங்கிருந்து படியும் அடிவாரமும் ரோட்டு வளைவும் தெரியும். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் எந்த மடத்துக்கு நீ என்னைப் பார்க்க வந்தாலும், வாசலைத் தாண்டியதும் திரும்பிப் பார்ப்பாய். நாலடி போய்த் திரும்புவாய், மறுபடி நாலடி, மறுபடி திரும்புவாய். அக்கா நிற்கிறாளா, அக்காவுக்கு வருத்தமா, அக்கா ஏதாவது சொல்வாளா என்று. நீ அப்படிப் போன பிறகு எனக்கு இரண்டு நாள் ஜெபத்தில் மனசு நிற்காது.

அதனால் நேற்று முன்தினமும் துணிக்கொடிக்குப் பின்னால் நின்றேன். நீ திரும்பினால் கையசைக்கலாம் என்று நினைத்தேன். படி இறங்கும்போது நீ எதையோ கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே போனாய். அவர் இரண்டு தண்ணீர் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டே இறங்கினார். அடிவாரத்தில் சைக்கிளை எடுத்தீர்கள். நீ முதலில் ஏறி மிதித்தாய், அவர் பின்னால் வந்தார். வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். நீ ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நல்லா இரு, கண்ணு.

அக்கா